போகும்போது ஊமை, வரும்போது வாயாடி

அத்தியாயம் 9

"என் வண்டியோட வாயை யாரோ கட்டிட்டாங்க, அண்ணி."

வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். சொன்ன சத்தத்தில் மேஜை மேல் இருந்த டம்ளர் தண்ணீர் ஒரு தடவை நடுங்கி அடங்கியது. கொசுறு காதைத் தேய்த்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தான். காலை ஒன்பது பத்து. இன்றைய முதல் கேஸ். இந்த வாரத்துக்கும் அதுதான் முதல் கேஸ்.

சலூனுக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. வாசலில் 'இங்கே துப்பறிந்து தரப்படும்' என்று ஒரு பலகை. அதை எழுதியவர் அதற்கு முந்தின நாள் ஒரு தையல் கடைக்குப் பலகை எழுதியிருந்தார், அந்தக் கை அப்படியே வந்துவிட்டது. அண்ணி மாற்றச் சொல்லவில்லை. வாங்குவதைச் சரியாகத் தைத்துக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான். அது கொசுறு. அண்ணன் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். தம்பி மட்டும் வீட்டோடு மிஞ்சினான். காய் வாங்கினால் கடைக்காரர் சும்மா போடும் நாலு கறிவேப்பிலை மாதிரி புருஷனோடு சேர்ந்து வந்தவன் என்பதால் அண்ணி வைத்த பெயர்தான் கொசுறு. நாற்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை. பதிலுக்கு அவன் தெருவெல்லாம் 'அண்ணி, அண்ணி' என்று கத்திக் கத்தி, எழுபது வயது வீட்டு ஓனர் வரைக்கும் அவளை அண்ணி என்றே கூப்பிட வைத்துவிட்டான்.

வந்தவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டர். இருபத்தாறு வருஷமாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே வாழ்ந்தவர். அதனால் எங்கே உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். இப்போதும் மிதித்தது.

"இங்க பிரேக் இல்ல மாஸ்டர்," என்றான் கொசுறு. "ரூம் ஏற்கெனவே நின்னுட்டுத்தான் இருக்கு."

"தம்பி, வாயை மூடு," என்றாள் அண்ணி. "நீங்க சொல்லுங்க. வாயைக் கட்டிட்டாங்கன்னா?"

"ஹாரன், அண்ணி. போன வியாழக்கிழமை டெஸ்டுக்கு வண்டியை எடுத்துட்டுப் போனேன். வாசல்லயே இன்ஸ்பெக்டர் கையை உள்ள விட்டு அமுக்கினார். சத்தமே வரல. ஹாரன் இல்லாத வண்டியை உள்ள விட மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டார். வெளிய வந்து ரோட்ல நான் அமுக்குறேன், ஊரே திரும்பிப் பாக்குது."

"அப்புறம்?"

"பியூஸ் மாத்தினேன். ரிலே மாத்தினேன். ஹாரனையே புதுசா வாங்கி மாட்டினேன். ஒரு சமயம் அடிக்குது, ஒரு சமயம் அடிக்கல. மெக்கானிக்கிட்ட கொண்டு போனா அவன் முன்னாடி மட்டும் ஒழுங்கா அடிக்குது. 'ஹாரன் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர், போய்க் காதைக் காட்டுங்க'ன்னு சொல்றான். எல்லாம் அந்த எதிர்ப் பள்ளிக்காரன் வேலை. இன்ஸ்பெக்டரை வளைச்சுப் போட்டுட்டான்."

"வளைச்சுப் போட்டா இன்ஸ்பெக்டர்தானே வளையணும்? ஹாரன் எப்படி வளைஞ்சுது?" என்று கேட்டான் கொசுறு.

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த கேள்வி தொண்டையிலேயே நின்றது. "மறுபடியும் டெஸ்ட் எப்ப?"

"இன்னைக்கு. பதினொரு மணிக்கு."

"யாருக்கு?"

மாஸ்டரின் குரல் அன்றைக்கு முதல் தடவையாக மனிதக் குரல் அளவுக்கு இறங்கியது. "என் சம்சாரத்துக்கு."

கொசுறு சிரிக்க வாயைத் திறந்தான். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டான்.

"சிரிங்க தம்பி. ஊரே சிரிக்குது. மூவாயிரம் பேருக்குச் சொல்லிக் குடுத்தவன், பொண்டாட்டிக்கு லைசென்ஸ் வாங்கித் தர முடியல. ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயில். அவ லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை பாக்குறா. ஆஸ்பத்திரியில புதுசா ஒரு வேன் விடறாங்க. வீடு வீடாப் போய் படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு ரத்தம் எடுக்கணும். ஓட்டறவங்களும் எடுக்கிறவங்களும் ஒரே ஆளா இருக்கணுமாம். இவளைத்தான் கேட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லைசென்ஸ் காட்டணும். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும். பதினேழு வருஷமா ஜன்னல் இல்லாத ரூம்ல குப்பிகளோட உக்காந்திருக்கா, அண்ணி. அந்த வேனுக்காக ராத்திரி தூங்கறதில்ல."

"பள்ளியில வேற வண்டி?"

"இருக்கறதே அது ஒண்ணுதான்."

அண்ணி எழுந்தாள். "வாங்க. நோயாளியைப் பாப்போம்."

நோயாளி கீழே சலூன் வாசலில் நின்றிருந்தது. தலையில் பள்ளிப் பெயர்ப் பலகை, நெற்றியில் 'கற்போர்' என்று சிவப்பு எழுத்து, நாலு பக்கமும் மூவாயிரம் பேர் கற்றுக்கொண்டதற்கான சொட்டைகள். மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அமுக்கினார்.

பாம் என்று தெருவே அதிர்ந்தது. மரத்திலிருந்து இரண்டு காக்கை பறந்தன.

"கேஸ் முடிஞ்சுது அண்ணி," என்றான் கொசுறு. "நோயாளி பிழைச்சுட்டார். சொந்தக்காரங்களுக்குத்தான் மயக்கம்."

சலூன் கதவு படீரென்று திறந்தது. சலூன்காரர் ஒரு கையில் கத்தியோடு வெளியே வந்தார். அவர் பின்னால் ஒருவர் பாதி முகம் நுரையும் பாதி முகம் பளபளப்புமாக எட்டிப் பார்த்தார்.

"ஓ, இந்த வண்டிதானா?" என்றார் சலூன்காரர். "மாஸ்டர், நான் உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். ஏன் சார் இப்படிப் பண்றீங்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"ஆறு வருஷமா தினமும் ஏழு மணிக்கு இந்த மூலையில திரும்பும்போது ஹாரன் அடிப்பீங்க. கடிகாரமே வேணாம். ஏழு மணி நெருங்கினா கத்தியை முகத்துலேர்ந்து எடுத்துட்டு, நீங்க அடிச்சு முடிச்சதும்தான் மறுபடி வைப்பேன். திடுக்குனு கை ஆடிடக் கூடாது பாருங்க. போன வாரம் திங்கட்கிழமைலேர்ந்து நீங்க அடிக்கறதே இல்ல. நான் கத்தியைத் தூக்கிட்டு நிக்கிறேன், நிக்கிறேன், இவங்க முகத்துல சோப்பு காஞ்சு பொரியுது. சரி, விட்டுட்டார் போலன்னு நினைச்சா, பன்னெண்டு மணிக்குத் திரும்பி வரும்போது அதே மூலையில பாம்னு ஒரு அடி. உங்க வண்டி போகும்போது ஊமை, வரும்போது வாயாடி."

பாதி முகக்காரர் தன் காதோரம் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் சாட்சியாகத் தொட்டுக் காட்டினார்.

கொசுறு குறிப்பேட்டை எடுத்து, 'காலையில் வண்டிக்குப் பசி, அதனால் பேசவில்லை' என்று எழுதினான். எழுதிவிட்டு அண்ணியின் காலைப் பார்த்தான். வலது கால் செருப்பிலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. அண்ணிக்கு ஒரு யோசனை பிடிபட்டால் செருப்பு தங்காது. ஒரு செருப்பு கழன்றால் கேஸ் நகர்ந்தது என்று அர்த்தம், இரண்டும் கழன்றால் கேஸ் முடிந்தது. பல வருஷம் கூட இருந்து பார்த்த கணக்கு இது.

"மாஸ்டர், போகும்போது இந்த மூலையில எந்தப் பக்கம் திரும்புவீங்க?"

"ரைட்டு."

"வரும்போது?"

"லெஃப்ட்டு. அதே ரோடுதானே."

"டெஸ்ட் நடக்கிற இடத்து வாசல்ல வண்டி எப்படி நிக்கும்?"

மாஸ்டர் கண்ணை மூடி, கையால் காற்றில் ஒரு ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "மெயின் ரோட்லேர்ந்து ரைட்டு ஒடிச்சு, அந்த ஒடிப்புலேயே கோட்டுக்கிட்ட நிறுத்துவோம்."

"மெக்கானிக் ஷெட்ல?"

"நேரா."

"தம்பி, வண்டியில ஏறு," என்றாள் அண்ணி. "இன்ஜினைப் போடு. ஒரு கையால ஹாரனை அமுக்கு, விடாத. இன்னொரு கையால ஸ்டீயரிங்கை மெதுவாத் திருப்பு."

"தெருவுல இருக்கறவங்க என்னை அடிச்சா?"

"அதுக்கும் சேத்துத்தான் உனக்குச் சோறு போடறேன்."

கொசுறு அமுக்கினான். ஸ்டீயரிங்கை இடது பக்கம் அரை வட்டம் திருப்பினான். ஹாரன் மூச்சு விடாமல் அலறியது. எதிர் மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு தாத்தா கையைக் காட்டி அவனுடைய முன்னோர்களைப் பற்றி ஏதோ விசாரித்தார். நல்லவேளையாக எதுவும் காதில் விழவில்லை. நேராகக் கொண்டுவந்தான், அலறல் நிற்கவில்லை. வலது பக்கம் திருப்பத் தொடங்கினான். கால் வட்டம் வந்ததும் சட்டென்று அமைதி. அந்த அமைதியில் தாத்தாவின் கடைசிச் சொல் மட்டும் தெருவில் தெளிவாகக் கேட்டது, அதை இங்கே எழுதுவதற்கில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் மறுபடி பாம்.

மூன்று தடவை செய்து பார்த்தார்கள். மூன்று தடவையும் அதே இடத்தில்தான் ஊமை.

"பாத்தீங்களா மாஸ்டர்? இன்ஸ்பெக்டரும் பொய் சொல்லல, மெக்கானிக்கும் பொய் சொல்லல. ஹாரன் நல்லாத்தான் இருக்கு. உங்க கைக்கும் ஹாரனுக்கும் நடுவுலதான் கோளாறு. ஸ்டீயரிங்குக்கு அடியில பித்தளையில ஒரு வளையம் இருக்கும். அது ஸ்டீயரிங்கோட சேந்து சுத்தும். கீழேருந்து ஒரு முள் அந்த வளையத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கும். தொடற வரைக்கும் சத்தம் வரும். வளையத்துல ஒரு இடத்துல மட்டும் முள்ளுக்கும் பித்தளைக்கும் நடுவுல ஏதோ உக்காந்திருக்கு."

"தானா எப்படி உக்காரும்?"

"தானா உக்காராது. திங்கட்கிழமை காலையிலேர்ந்து ஊமைன்னா, ஞாயித்துக்கிழமை யாரோ கை வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வண்டி எங்க இருந்துச்சு?"

"வீட்டு ஷெட்ல. பள்ளி லீவு. நான் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன், அஞ்சு மணிக்குத்தான் எழுந்தேன்." மாஸ்டரின் கண்கள் பெரிதாயின. "என் வீட்டுக்குள்ளேயே வந்துட்டானா அவன்?"

மாஸ்டர் வீடு பத்து நிமிஷத் தூரம். அந்தப் பத்து நிமிஷத்தில் எதிர்ப் பள்ளிக்காரரை எந்தெந்த ஆபீஸில் எந்தெந்த மாதிரி மாட்டிவிடலாம் என்று மாஸ்டர் ஏழு திட்டம் போட்டார். கொசுறு பின் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக்கொண்டே வந்தான்.

ஷெட் குறுகல். நடுவில் ஒரு தூண். அதைச் சுற்றி வளைத்துத்தான் வண்டியை நிறுத்த முடியும். நிறுத்தியபோது ஸ்டீயரிங் எங்கே நின்றது என்று அண்ணி எட்டிப் பார்த்தாள். வலது பக்கம், சரியாகக் கால் வட்டம். அமுக்கினாள். ஊமை.

வாசற்படியில் மாஸ்டரின் மனைவி நின்றிருந்தாள். டெஸ்டுக்காக இஸ்திரி போட்ட உடை, பின்னிப் போட்ட தலை, கையில் மூன்று நாளாக மடித்து மடித்துப் பிரிந்த விண்ணப்பம். "சரியாயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த பயத்தைக் கேட்டு, பதிலுக்குச் சொல்ல வைத்திருந்த ஜோக்கைக் கொசுறு விழுங்கிவிட்டான்.

"ஸ்பேனர் வேணும்," என்றாள் அண்ணி.

கொசுறு உள்ளே போய் டூல் பாக்ஸைத் தேடினான். விசித்திரமான வீடு. சுவிட்ச் போர்டில் ஃபேன் சுவிட்ச் மேல் ஒரு சிவப்புப் பொட்டு. சாவிக் கொத்தில் முன்வாசல் சாவிக்கு ஒரு பொட்டு, பின்வாசலுக்கு இரண்டு. கேஸ் அடுப்புத் திருகில் எங்கே நின்றால் சிம் என்று ஒரு பொட்டு. டூல் பாக்ஸைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு பொட்டு. வீட்டுக்கே அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்டியோடு வெளியே வந்தான்.

அண்ணி ஸ்டீயரிங் நடுவிலிருந்த மூடியைப் பெயர்த்தாள். "இதை இதுக்கு முன்னாடி எப்ப கழட்டினீங்க?"

"கழட்டினதே இல்ல. பதினோரு வருஷமா."

"பதினோரு வருஷத் தூசி நட்டைச் சுத்தி இருக்கணுமே. இது மூஞ்சி கழுவிட்டு உக்காந்திருக்கு."

நட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஆட்டி, ஸ்டீயரிங்கைத் தூக்கியெடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் பித்தளை வளையம் மின்னியது. அதில் ஓர் இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று ஒரு சிவப்புப் பூச்சு.

கொசுறு குனிந்து முகர்ந்தான். "நெயில் பாலிஷ், அண்ணி. எதிர்ப் பள்ளி ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கும். பத்து விரலும் இதே சிவப்பு. கேஸைக் கையோட பிடிச்சுட்டேன். விரலோடன்னே சொல்லலாம்."

"நான் சொன்னேன்ல," என்று மாஸ்டர் போனை எடுத்தார். "இப்பவே அவனை..."

"போனை உள்ள வைங்க," என்றாள் அண்ணி. "தம்பி, அந்த நட்டைக் கழட்ட நான் எத்தனை நேரம் முக்கினேன்னு பாத்தேல்ல? பத்து விரலுக்கும் பாலிஷ் போட்டு வெச்சிருக்கறவ இதைத் தொடுவாளா? தொட்டா ஒரு நகம் மிஞ்சுமா? நீ முகர்ந்து பாத்ததும் தப்பு. இது நெயில் பாலிஷே இல்ல, வெறும் பெயின்ட். மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா போயிடும்." திரும்பி வாசற்படியைப் பார்த்தாள். "வீட்டுல கொஞ்சம் மண்ணெண்ணெய் இருக்குமா?"

மாஸ்டரின் மனைவி விறுவிறுவென்று உள்ளே போனாள். கொசுறுக்கு மானம் போய்விட்டது. அவன் மூக்கு இதுவரை ஏமாந்ததில்லை. மறுபடி முகர்ந்து பார்த்தான். நெயில் பாலிஷேதான். அண்ணிக்கு என்ன ஆச்சு என்று நிமிர்ந்தவன் கீழே பார்த்தான். அண்ணியின் இரண்டு செருப்பும் ஷெட்டில் தனியாகக் கிடந்தன. அண்ணி வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

மாஸ்டரின் மனைவி திரும்பி வந்து ஒரு சின்னப் பாட்டிலையும் பஞ்சையும் நீட்டினாள். அண்ணி பாட்டிலை வாங்கிக் கொசுறிடம் கொடுத்தாள். "படி."

கொசுறு படித்தான். "நெயில் பாலிஷ் ரிமூவர்." அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து மாஸ்டர் மனைவியின் கையைப் பார்த்தான். பத்து நகமும் ஒட்ட வெட்டி, பூச்சில்லாமல், ரத்தம் எடுக்கிற கை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நான் மண்ணெண்ணெய்தானே கேட்டேன்," என்றாள் அண்ணி, மிக மெதுவாக.

மாஸ்டர் மனைவியின் கையிலிருந்த பஞ்சு நசுங்கிக்கொண்டே போனது.

"நான்தான் கழட்டினேன்," என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழமை. இவர் தூங்கும்போது."

"நீயா?" என்றார் மாஸ்டர். "எதுக்கு?"

"பழகறதுக்கு. உள்ள சாப்பாட்டு மேஜை நாற்காலியில உக்காந்து, ஸ்டீயரிங்கைக் கையில பிடிச்சுக்கிட்டு, கீழ மூணு செருப்பை வரிசையா வெச்சு கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். குடையை நட்டு வெச்சு கியர். ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். ஒரு தப்பு கூட வரல."

"நாற்காலியை ஓட்டி எதுக்குடி? வண்டி இருக்கே, நான் இருக்கேன். ஊருக்கே நான்..."

"நீங்க கத்துறீங்க," என்றாள் அவள். "நான் கிளட்ச்சைத் தேடறதுக்குள்ள கத்துறீங்க. கிளட்ச்சைக் கண்டுபிடிச்சதும், ஏன் இவ்வளவு நேரம்னு கத்துறீங்க. வண்டியில உக்காந்தாலே என் கை எது, கால் எதுன்னு தெரியாமப் போயிடுது. நாற்காலியில யாரும் கத்தல."

மாஸ்டரின் வலது கால் தரையை மிதிக்கப் போய், பாதியில் நின்றது.

"அந்தப் பாலிஷ்?" என்று கேட்டான் கொசுறு. இவ்வளவு நல்ல குற்றவாளியை அவன் இதுவரை பார்த்ததில்லை.

"லேப்ல எதைப் பிரிச்சாலும் முதல்ல அடையாளம் வைக்கணும். இல்லன்னா ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போயிடும். ஸ்டீயரிங்கை எடுத்ததும், அந்த முள் வளையத்துல எங்க தொட்டிருந்ததோ அந்த இடத்துல பாலிஷ் வெச்சேன். திரும்பப் போடும்போது கோணலாயிடக் கூடாதேன்னு. ஒரு மயிரிழை கூட மாறக் கூடாதேன்னு." அவள் அந்தப் பித்தளை வளையத்தைப் பார்த்தாள். "அதனாலதான் ஊமையாச்சுன்னு இப்பதான் தெரியுது. போன வியாழக்கிழமை வண்டியைத் திருப்பி அனுப்பினதே என்னாலதானா?"

"வேற யாராவதா இருந்திருந்தா கன்னாபின்னான்னு மாட்டியிருப்பாங்க, ஹாரன் அடிச்சிருக்கும்," என்றாள் அண்ணி. "நீங்க ரொம்பச் சரியாச் செஞ்சதுதான் தப்பாப் போச்சு. பாலிஷ் மேல கரன்ட் போகாது. நீங்க கெட்டியா வேற பூசியிருக்கீங்க. வண்டி இந்தத் தூணைச் சுத்தி எந்த வளைவுல நின்னுச்சோ, அந்த வளைவுல மட்டும் ஊமை."

மணி பத்து முப்பத்தைந்து. கொசுறு பஞ்சால் தேய்த்தான். சிவப்பு கரைந்து பித்தளை வெளியே வந்தது. மாஸ்டர் ஸ்டீயரிங்கை மாட்டக் கையை நீட்டினார். மனைவி அதற்கு முன்பே வாங்கிக்கொண்டாள்.

"நானே மாட்டறேன்."

மாட்டினாள். நட்டை இறுக்கினாள். "இன்னும் கொஞ்சம் வலது..." என்று ஆரம்பித்த மாஸ்டரை அண்ணி பார்த்தாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டார். கொசுறு உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினான். ஓரிடத்திலும் மூச்சு அடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது, அதுவும் நல்ல சகுனமாகவே பட்டது அவனுக்கு.

டெஸ்ட் நடக்கும் இடத்து வாசலில் வண்டி வலது பக்கம் ஒடித்துக் கோட்டுக்கிட்ட நின்றது. இன்ஸ்பெக்டர் கையை உள்ளே விட்டு அமுக்கினார். பாம். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மற்றவர்களை இறங்கச் சொல்லிவிட்டு மாஸ்டர் மனைவியின் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார், கதவு மூடியது.

மதில் ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஐந்து வளைவு, ஒவ்வொன்றுக்கு முன்னும் ஒரு ஹாரன், அதுதான் விதி. வெளியே மூன்று பேரும் மதிலில் காதை வைத்து நின்றார்கள். போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாம்.

"ஒண்ணு," என்றார் மாஸ்டர்.

பாம். "ரெண்டு. ரைட்டு வளைவு இது." பாம். "மூணு." பாம். "நாலு. அண்ணி, இதுவரைக்கும் அவ நாலைத் தாண்டினதே இல்ல."

கொசுறு மதிலில் காதை இன்னும் அழுத்தினான். சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணுக்காக அவன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஐந்தாவதுக்குக் காத்திருந்தார்கள். ஹாரன் வரவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"போச்சு," என்றார் மாஸ்டர். மதிலை விட்டு நகர்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். "மறுபடியும் ஊமையாயிடுச்சு. இல்லன்னா பயத்துல கை ஓடல. ஹாரன்ல ஒண்ணும் இல்ல தம்பி, நான்தான். மூவாயிரம் பேர்கிட்ட கத்தினேன், அவங்க வீட்டுக்குப் போய் மறந்துட்டாங்க. இவ என் வீட்டுலேயே இருக்கா. இவ எங்க போய் மறப்பா? வேன் போச்சு. இனிமே அந்த ஜன்னல் இல்லாத ரூம்தான் அவளுக்கு."

கொசுறு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வாசல் திறந்தது. வண்டி மெதுவாக வெளியே வந்து, குலுங்காமல் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"இவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

மாஸ்டர் எழுந்து, குற்றவாளி மாதிரி கையைத் தூக்கினார்.

"அஞ்சாவது வளைவுல ஒரு நாய் நடு ரோட்ல படுத்துத் தூங்குது. அதைப் பாத்தா எல்லாரும் ஹாரன்லதான் கை வைப்பாங்க. இவங்க வண்டியை நிறுத்திட்டுச் சும்மா உக்காந்திருக்காங்க. ஏம்மா ஹாரன் அடிக்கலன்னு கேட்டேன். 'தூங்கறதைக் கத்தி எழுப்பினா, பயத்துல எந்தப் பக்கம் பாயும்னு யாருக்குத் தெரியும் சார்'னு சொல்றாங்க. அதுவா எழுந்து சோம்பல் முறிச்சுட்டுப் போச்சு. அப்புறம் இவங்களும் போனாங்க. பத்தொன்பது வருஷமா இங்க இருக்கேன், இப்படி ஒரு ஆளை இப்பதான் பாக்கறேன்." காகிதத்தில் முத்திரை குத்தி ஜன்னல் வழியாக நீட்டினார். "பாஸ். மூணு மணிக்கு வந்து லைசென்ஸை வாங்கிக்குங்க."

கொசுறு அண்ணியைப் பார்த்தான். காலையிலிருந்து ஒரு ஹாரனைப் பேச வைக்க ஊரையே எழுப்பியாகிவிட்டது. மாஸ்டர் மனைவி அதை அடிக்காமல் இருந்து பாஸ் பண்ணிவிட்டாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் வண்டியைச் சுற்றிக்கொண்டு மனைவி பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர், துடைக்கவில்லை.

"பதினோரு வருஷமா இந்த வண்டியை ஓட்டறேன்," என்றார் மாஸ்டர். பக்கத்தில் நின்ற கொசுறுக்கே காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவுக்கு மெதுவாக. "ஸ்டீயரிங்கை எப்படிக் கழட்டி மாட்டறதுன்னு எனக்குத் தெரியாது. நீ எனக்குச் சொல்லித் தருவியா?"

அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தரேன். ஆனா நான் திட்டித் திட்டித்தான் சொல்லித் தருவேன். பரவாயில்லையா?"